வள்ளியின் தோலில் ஆறாத வெயில்

என் தங்கை வள்ளி மூன்று வயதிலேயே வெயிலில் கண்ணைத் திறக்க மாட்டாள். விழுப்புரம் பக்கம் கெடாரில் எங்கள் நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கும் நாட்களில் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். அதுதான் முதல் அறிகுறி. நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தோம். உங்கள் வீட்டுக் குழந்தை இப்படிச் செய்தால் தயவுசெய்து திட்டாதீர்கள்.

பிறகு மூக்கிலும் கன்னத்திலும் மிளகுப்பொடி தூவியதுபோலப் புள்ளிகள். ஏழு வயதில் தோல் வறண்டு சுருங்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் சிறுத்தை என்று கூப்பிட்டார்கள்.

"பரவால்லண்ணே, பூனைன்னு கூப்புடல" என்றாள்.

நான் சென்னையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்திருந்தேன். எதைப் படித்தாலும் அன்றைக்கே யாருக்காவது செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு. சூரிய ஒளி கிருமியைக் கொல்லும், தோலுக்கு நல்லது என்று படித்திருந்தேன். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால்தான் இவளுக்கு இப்படி என்று நானே முடிவு கட்டினேன். அந்தக் கோடை முழுவதும் தினமும் காலையில் நல்லெண்ணெய் தடவி, கிணற்றடியில் கிழக்கே பார்க்க நிற்கவைத்தேன்.

"எரியுதுண்ணே."

"கிருமி சாவுதுடி. இன்னும் கொஞ்ச நேரம்."

"அது சாவட்டும். நான் சாவறதுக்குள்ள உள்ள கூப்புட்டுக்கோ."

நான் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தேன். அந்த வருடமே வள்ளியின் கீழுதட்டில் ஒரு புண் வந்தது. களிம்புக்கு அடங்கவில்லை. விழுப்புரத்து டாக்டர், "ஜல்தியா மெட்ராஸ் கூட்டிக்கினு போங்க" என்றார்.

சென்னை மருத்துவமனையில் அவளைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். முதலில் அப்பாவிடம்தான் கேட்டார்: "நீங்களும் அம்மாவும் சொந்தமா?"

"அக்கா பொண்ணத்தாங்கம்மா கட்டுனேன். சொந்தம் விட்டுப் போவக்கூடாதுன்னு."

ஜெரோடெர்மா பிக்மென்டோசம் (வெயில் பட்ட தோல் வறண்டு, புள்ளி விழுந்து, பின்னர் கட்டியாக மாறும் பிறவி நோய்) என்று எழுதிக் கொடுத்தார். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரு குறை பிள்ளையிடம் சேரும்போது வெளிப்படுமாம். உதட்டுப் புண் புற்றுநோய். வெட்டி எடுத்தார்கள். வெயிலே படக்கூடாது என்றார்கள். சன்னலுக்கெல்லாம் சாக்குத் தைத்துக் கட்டினோம். அடுத்த வருடம் இமையில் வந்தது.

அறுபத்தொன்பதாம் வருடம் அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காரணம் கண்டுபிடித்துவிட்டதாக வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தாராம்.

"தண்டவாளத்துல விரிசல் விட்டா கேங்மேனுங்க என்ன பண்றாங்க? ஒருத்தர் கெட்ட இடத்தப் பார்த்து வெட்டறார். ஒருத்தர் துண்டை எடுக்கறார். ஒருத்தர் புதுசு வைக்கறார். ஒருத்தர் இறுக்கறார். நம்ம செல்லுக்குள்ளயும் அந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க, சார்."

அந்த ஆட்கள் நொதிகள் (உடம்பின் ரசாயன வேலைகளை நடத்தும் புரதங்கள்). தண்டவாளம், டி.என்.ஏ. (செல்லின் உட்கருவில் இரண்டு இழைகள் முறுக்கிய நூல், உடம்புக்கான கட்டளைகள் நான்கு ரசாயன எழுத்துகளில் அதில்தான் இருக்கின்றன). வெயில் பட்டால் அந்த நூலில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொள்கின்றன. எல்லோருக்கும்தான், தினமும்தான். நொதி ஒவ்வொன்றும் ஒரு தனி வடிவத்தில் மடிந்திருக்கிறது. அந்த மடிப்பால்தான் தன் வேலையை அடையாளம் காண்கிறது. ஒன்று கெட்ட இடத்தருகே வெட்ட, மற்றவை அதை நீக்கி, எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை நிரப்பி, ஒட்டிவிடுகின்றன. வள்ளியிடம் அந்த முதல் வெட்டு விழவில்லை. மற்றவை எல்லாம் இருந்தும் வேலை தொடங்கவேயில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. எப்போதும் சட்டென்று புரிந்துவிடும் எனக்கு.

"நான் வெயில்ல நிக்க வச்சேன் டாக்டர். ஒரு கோடை முழுக்க."

அவர் பேனாவை மூடிவைத்தார். "அதுவும் சேர்ந்திருக்கும். அது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். இல்லன்னும் சொல்ல முடியாது."

வள்ளியிடம் சொன்னேன். ஒரு கண்ணில் கட்டு. தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள். "வாத்தியாரு வேலைக்குப் போறதுக்கு முந்தியே எனக்குப் பாடம் நடத்திட்டியே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அழுவாதண்ணே, பேஜாரா இருக்குது" என்றாள்.

அந்த ஐப்பசி மழையில் அவள் போனாள். வானம் மூடியிருந்ததால் முகத்தை மூடாமலே எடுத்துப் போக முடிந்தது.

இந்தத் தை மாதம் சட்டையில்லாமல் நாளெல்லாம் மல்லாட்டை பிடுங்கினேன். தோள் வெந்து சிவந்தது. ஒரு வாரத்தில் தோல் உரிந்து, எரிச்சல் போய், பழையபடி ஆனது. நான் ஒன்றும் செய்யவில்லை. நாள் என்பது பொழுது சாய்ந்தால் தானாக முடிந்துவிடும் என்று இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். உள்ளே இருந்து அந்த ஆட்கள்தான் அதை முடித்துவைக்கிறார்கள். அவளுக்கு எந்த நாளும் முடியவில்லை.

அம்மா என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "ஆறிடுச்சே" என்றாள்.

நான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.