கடைமடைப் பங்கு

முரசுமோட்டைக் குடியேற்றத்தில் எங்களுக்கு விழுந்தது வாய்க்காலின் கடைசிக் காணி. யாழ்ப்பாணத்தில் துலா மிதித்து இறைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தானாக ஓடிவரும் தண்ணீர் முதலில் அதிசயமாக இருந்தது. பிறகு, அது எங்கள் வரைக்கும் வந்துசேருமா என்பதே கவலையாகிவிட்டது. மேல் வாய்க்காலில் பெருஞ்சனம். கடைமடையில் நாங்கள் ஐந்தே வீடு.

மேலே காணி வைத்திருந்த அண்ணை ஒருவர்தான் எங்கள் தேத்தண்ணிக் கடையின் அரசியல்வாதி. கொழும்புப் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை கையை உயர்த்தி எங்கள் மொழியை ஒதுக்கிவைத்த காலம் அது. அவர் வாங்குப் பலகையில் தட்டித் தட்டிக் கேட்பார்: "கூடப்பேர் கையை உயர்த்தினாப்போல அநியாயம் நியாயமாகிடுமோ?" குரல் வீதிவரை வரும். அதைக் கேட்க எனக்கு நல்ல விருப்பம்.

ஒரு வருடம் மாரி மழை பொய்த்து, வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் குளம் பாதியும் நிரம்பவில்லை. கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கான கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டிலில் நடந்தது. பாதி வயலுக்குத்தான் தண்ணீர் காணும் என்றார் நீர்ப்பாசன ஓவசியர். அப்படியானால் மேல் காணிகளுக்கு மட்டும் விடுவோம் என்று யாரோ சொல்ல, கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது அண்ணையின் கை. சிறுபோகம் இல்லையென்றால் அடுத்த அறுவடை வரை எங்கள் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை. என் மனுசன் வாயில்லாப் பூச்சி, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காணி அவர் பெயரில் என்பதால் எனக்குக் கை உயர்த்த உரிமை இல்லை. வாய் இருந்தது.

"அண்ணை, தேத்தண்ணிக் கடையில சொல்லுறதை ஒருக்கா இதிலயும் சொல்லுங்கோவன்," என்றேன்.

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. அவருடைய கை மெல்ல இறங்கித் தலையைச் சொறிந்தது. மற்றக் கைகள் இறங்கவில்லை. முடிவு முடிவுதான் என்றார்கள். வீடு வந்துசேர்ந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பின்னேரம் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார்.

"பிள்ளை, என்ர வயலில ஒரு துண்டு தாறன். நீங்கள் விதையுங்கோ."

"பிச்சையோ, பங்கோ?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது.

"பிச்சையெண்டா எங்களுக்கு மட்டும் தாங்கோ. பங்கெண்டா அஞ்சு வீட்டுக்கும் வேணும். அதைக் கூட்டத்தில சொல்லுங்கோ."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த கிழமை ஓவசியரைத் திரும்பவும் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றார். "தண்ணி பாயுற வயலை எல்லாருமாப் பங்கு போட்டு விதைப்பம். கடைமடையாரும் எங்களோட வந்த சனம்தான்," என்றார். முணுமுணுப்பு இருந்தது. என்றாலும் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

இப்போது அவரும் இல்லை, அந்தக் கொட்டிலும் இல்லை. அவர் வயலில் நாங்கள் வெட்டிய புதுநெல்லின் கஞ்சி மணம் மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கொழும்பிலும் நாங்கள் கேட்டது பங்குதான். அங்கே "அண்ணை" என்று கூப்பிட்டுக் கேட்க எங்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை.