பிட்புல் கிராஸ் என்று நான் சொன்னது

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை எனக்கு வேலை. வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை டேக், இல்லையென்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள். பதினோரு வருடத்தில் அளக்காமல் ஒரு டேக்கும் மாட்டியதில்லை. சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் "அளந்துட்டுத்தான் தருவேன் சார்" என்பேன். என் விருதுநகர்ப் பேச்சை இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பிடிவாதத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஒரே ஒரு முறை அளக்காமல் ஒரு டேக் மாட்டினேன். அது கம்பெனியில் இல்லை, ஒரு நாய்க்கு.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாய் தானாகக் கூப்பிட்டுவிடும்.

எங்கள் வீடு பாகலூர் ரோட்டில் ஒரு லேஅவுட்டின் கடைசி வரிசையில் இருக்கிறது. பின்னால் கேழ்வரகுக் கொல்லை, அதற்கப்பால் தைலமரம். நானும் என் கணவரும் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப ஆறரை ஆகிவிடும். அவன் வந்த வருடம் எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என் கணவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் ஊர்த் திருவிழாவுக்கு எங்களை நாட்றாம்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். அவருடைய அப்பா அங்கே மலையில் காட்டை ஒட்டி விவசாயம் செய்கிறார். வைக்கோல் போருக்கு அடியில் ஆறு குட்டிகள். தாய் நாய் பட்டியில் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே படுத்திருந்தது. நடக்கப் பழகாத ஒரு பேரக்குழந்தை அதன் காதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றது.

பெரியவர் ஒரு குட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். தலை பெரிது, நெஞ்சு அகலம், செம்பழுப்பு உடம்பில் கறுப்புக் கோடுகள். "பன்னி வந்தா ஊரே எழுந்துக்கற மாதிரி கொரைக்கும் பாப்பா. ஆளுங்கள ஒண்ணும் பண்ணாது" என்றார்.

தடுப்பூசி போட ஓசூரில் ஒரு கால்நடை கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வரிசையில் லாப்ரடார், ஹஸ்கி, பஞ்சு உருண்டை போல ஏதோ ஒன்று. எல்லாம் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த நாய்கள். பக்கத்தில் ஹஸ்கியோடு உட்கார்ந்திருந்தவர் என் மடியைப் பார்த்து, "இது என்ன, நாட்டு நாயா?" என்று கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதே நேரத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை எடுத்து, "ப்ரீட் என்ன மேடம்?" என்றாள்.

"பிட்புல் கிராஸ்" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? மூர்க்கமான இனம் என்று போனில் ஏதோ வீடியோவில் பார்த்திருப்பேன். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். ஹஸ்கிக்காரர் தன் நாயைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியே வந்ததும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "இருக்கட்டும், திருடன் பயப்படுவான்ல" என்றார். அந்த வாரமே கேட்டில் ஒரு போர்டு மாட்டினோம். பல்லைக் காட்டும் ஒரு நாயின் படம், கீழே சிவப்பில் 'ஜாக்கிரதை'.

அந்தப் பொய்க்குத் தீனி போட வேண்டியிருந்தது. பிட்புல் என்றால் தெருவில் சும்மா விட முடியுமா? "அந்த ஜாதியைக் கட்டித்தான் வைக்கணும்" என்றார்கள் லேஅவுட்டில். நாய்க்கும் ஜாதி பார்த்துத்தானே பழகுகிறோம் என்று ஒரு எரிச்சல் வந்தது. ஆனால் நாட்டு நாய்தான் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆறாவது மாதத்தில் கொய்யா மரத்தில் சங்கிலி கட்டினோம். வெளியே கூட்டிப்போனால் வாய்க்கூடு.

முதலில் அழுதான். பிறகு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். நாளடைவில் மரத்தடியில் வட்டமாகப் புல் செத்து மண் தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பார்த்துக் குரைத்தான்: பால்காரர், குப்பை வண்டி, காற்றில் ஆடும் சேலை. சங்கிலி முடிகிற இடம் வரை பாய்ந்து, கழுத்து இறுகிப் பின்னால் விழுவான். எங்களுக்குச் சந்தோஷம். "ரத்தம் பேசுது பாருங்க" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னபோது நான் தலையாட்டினேன். யார் கண்டது, உண்மையிலேயே ஏதாவது கலந்திருக்குமோ என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். வைக்கோல் போருக்கு அடியில் பிறந்தவனை வாங்கி வந்த கை என்னுடையது. எனக்கே அது மறந்துவிட்டது.

அவனைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் பக்கத்து வீட்டுச் சிறுமி. எட்டு வயது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ், என்னிடம் தமிழ், அவனிடம் மூன்றும். தினமும் பள்ளிவிட்டு வந்ததும் கேட் கம்பிக்குள் கையை விட்டு பிஸ்கட் வீசுவாள். அவன் அவளைப் பார்த்துக் குரைத்து நான் கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி முழுவதும் மரத்தில் சுற்றிக்கொண்டு, அவன் கழுத்து அடிமரத்தோடு ஒட்டிக் கிடந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அந்தக் குழந்தை குனிந்து இரண்டு கையாலும் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தாள். "தொடாதே" என்று கத்தினேன். என் குரல் கேட்டு அவள் நிமிர்ந்தாள். அவள் கையில் இருந்த சங்கிலி அவன் கழுத்தை இன்னும் இறுக்கியது. அவன் திரும்பினான்.

கன்னத்திலும் முழங்கையிலும் கடி. நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி ஊசி போடும்போது அந்தக் குழந்தை என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். "செயின் சுத்திக்கிச்சு ஆன்ட்டி. அவனுக்கு மூச்சு வரல. அதான் எடுக்கப் போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். கார்டைக் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிட்புல்லா?" என்றார். அந்த வார்டில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல சார், அது நாட்டு நாய்தான். நான் சும்மா சொன்னேன்."

அவள் அம்மா முந்தானையை எடுத்தாள். "அக்கா, எல்லார்கிட்டயும் நீங்கதானே பிட்புல்லுன்னு சொன்னீங்க? போர்டு மாட்டுனீங்க. இப்ப என் பொண்ண கடிச்சதுக்கப்புறம் நாட்டு நாயா?"

டாக்டர் கார்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்பில் தீப்பற்றிக்கொண்டது. கையில் மைக்கோடு ஒருவர் வந்து எங்கள் கேட் போர்டைப் படம் எடுத்துப் போனார். சிறுமியைப் பிட்புல் குதறியது என்று அது போனுக்குப் போன் சுற்றியது. ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருவர், இந்த இனத்தின் ரத்தத்திலேயே வெறி இருக்கிறது, எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டும் என்று பத்தி பத்தியாக எழுதினார். தெருநாய்களுக்குச் சோறு வைக்கிற ஒரு பெண், இனத்தில் ஒன்றுமில்லை, பிட்புல்லும் குழந்தை மாதிரிதான், வளர்ப்புதான் காரணம் என்று பதில் எழுதினாள். இரண்டு பேருக்கும் இரண்டு நாள் சண்டை. இரண்டு பேருமே எங்கள் கேட்டுக்கு வந்து அவனை ஒரு தடவை பார்க்கவில்லை.

கார்டை மாற்றிக் கேட்கலாம் என்று கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நல்ல மனிதர். "பார்த்து இனம் சொல்றது எங்களுக்கே கஷ்டம்மா. பாதி நேரம் நாங்களே தப்பா சொல்லுவோம். நீங்க சொன்னதைத்தான் எழுதினோம்" என்றார். "இப்ப மாத்தினா நான் மறைக்கறதா நினைப்பாங்க."

பத்து நாள் அவனைக் கண்காணிப்பில் வைக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் அதே கொய்யா மரம், அதே சங்கிலி. அவனுக்கு நோய் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் லேஅவுட் சங்கத்துக்காரர்கள் வந்து, நாயா வீடா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நாட்றாம்பாளையத்துக்கே கொண்டுபோய் விட்டிருக்கலாம். யோசிக்காமல் இல்லை. பெரியவருடைய மகனும் "கொண்டாந்து வுடுங்கக்கா, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார். ஆனால் அந்த மனிதர் முன்னால் வாய்க்கூடு போட்ட அவனோடு எப்படிப் போய் நிற்பது? கடித்த நாயை அங்கே தவழுகிற குழந்தைகள் நடுவில் எப்படி விடுவது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை. எனக்கு வெட்கம். அவ்வளவுதான்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பகத்தில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். கார்டைப் பார்த்துவிட்டு மற்ற நாய்களோடு விடவில்லை, தனிக் கூண்டு. இரண்டாம் ஞாயிறு போனபோது கூண்டில் கன்னடத்தில் ஒரு அட்டை தொங்கியது. என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே வேலை செய்கிற ஆளிடம் கேட்டேன். "டேஞ்சர் ஜாதி மேடம், கிட்ட போகாதீங்க" என்றார். நான் கிட்டப் போனேன். அவன் எழுந்து, இரண்டு அடி வந்து, நின்றுவிட்டான். கழுத்தில் சங்கிலி இல்லை. சங்கிலி முடிகிற இடம் என்று அவனாக ஒரு கணக்கு வைத்திருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த கூண்டைக் கழுவப் போனார்.

நாலாவது வாரம் கம்பெனியில் டீ டைமில் காப்பகத்திலிருந்து போன் வந்தது. ஆறு நாளாகச் சாப்பிடவில்லை, குளுக்கோஸ் ஏற்றினோம், காலையில் இறந்துவிட்டது. "சரிங்க" என்றேன். மணி அடித்ததும் போய் மிச்சப் பெட்டிகளை அளந்தேன். பச்சை, பச்சை, சிவப்பு.

குழந்தைக்குக் கன்னத்தில் தையல் பிரித்துவிட்டார்கள். சிரித்தால் அந்த இடம் மட்டும் மடங்குகிறது. அவள் அம்மா என்னோடு பேசுவதில்லை, பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை. ஒரு நாள் அம்மா உள்ளே இருந்த நேரம் பார்த்து, மதில்மேல் எட்டி, "ஆன்ட்டி, அவன் எப்ப வருவான்?" என்று கேட்டாள்.

"அவங்க அம்மாகிட்ட போயிட்டான். மலைக்கு" என்றேன்.

"அங்க கட்டி வைப்பாங்களா?"

"மாட்டாங்க."

அந்தப் பதிலைச் சொன்ன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு என் கணவரோடு பைக்கில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையம் போனோம். பெரியவர் களத்தில் கொள்ளு தூற்றிக்கொண்டிருந்தார். தாய் நாய் எழுந்து வந்து என் காலை மோந்து பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. அதன் கழுத்தில் ஒன்றுமே இல்லை.

"வாங்க பாப்பா. எப்பிடி இருக்கான் அவன்?" என்றார். மகன் அவரிடம் சொல்லவே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக், போர்டு, சங்கிலி, குழந்தை, காப்பகம். ஒன்றையும் விடவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் கடித்தான் என்று அவர் கேட்கவில்லை.

"எதுக்குமா கட்டுனீங்க?"

"கார்டுல பிட்புல்னு எழுத வச்சுட்டேங்க. அதான்."

"அப்பிடின்னா என்னா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் தாய் நாயின் தலையில் கையை வைத்தார். "எங்க பொதச்சீங்க?" என்றார்.

போன் வந்த அன்று நான் 'சரிங்க' என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

"கேக்கலீங்க" என்றேன்.

அவர் முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கொள்ளு தூற்றப் போனார்.