மருமகளின் குரலுக்காக வைத்த வேண்டுதல்

போன வருடம் அக்டோபரில், செபமாலை மாதம் தொடங்கிய முதல் வாரத்தில் என் மருமகள் ஸ்டெல்லாவின் குரல் போய்விட்டது. காலையில் எழுந்து என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சளியாக இருக்கும், கஷாயம் குடித்தால் சரியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இரண்டொரு நாள் கழித்து அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகைக்கும் சத்தம் இல்லை. முதுகு குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் பட்டம் வாங்கியவள். கல்யாணம் ஆகி வந்த பிறகு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தாள். கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. "படிச்ச படிப்பு புடவை மடிக்கவா? போயி பி.எட். சேரு" என்று நான்தான் சொன்னேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எங்கள் குப்பத்திலிருந்து ஒரு டீச்சர் வரப்போகிறாள், அது என் வீட்டு மருமகள் என்று எனக்குப் பெருமை. மீன் கூடையோடு போகிற தெருவிலெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தப் படிப்பில் ஒரு கட்டாயம் உண்டு. மாதக்கணக்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் நிஜ டீச்சர் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அங்கே இருக்கும் டீச்சர் ஒருவர் கூடவே இருந்து வழி சொல்வார். கல்லூரிப் பேராசிரியை என்றைக்காவது சொல்லாமல் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். இது பாதியில் நின்றால் அந்த வருடமே போய்விடும். ஸ்டெல்லாவுக்குக் கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்பு கணக்கு. குரல் போனது அதன் நடுவில்தான்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டைக்குள் குரல் வருகிற இடம் வீங்கியிருக்கிறது, பேசவே கூடாது, கிசுகிசு என்று பேசுவது அதைவிடக் கெடுதல் என்றார். "ரொம்பக் கத்துவியாம்மா?" என்று கேட்டார். ஸ்டெல்லா தலையாட்டி மறுத்து, தன் போனில் எழுதிக் காட்டினாள். டாக்டர் அதை வாய்விட்டுப் படித்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

கடலை ஒட்டி வீடு கட்டியிருக்கிற எங்களுக்கெல்லாம் குரல் பெரியது. அலைக்கு மேல் பேசிப் பழகிய வாய். ஸ்டெல்லாவும் வகுப்பில் முதல் நாள் அப்படித்தான் பேசியிருக்கிறாள். வழி சொல்லும் டீச்சர், "மெதுவாப் பேசும்மா, இது மீன் மார்க்கெட் இல்ல" என்றிருக்கிறார். இவள் எங்கிருந்து வருகிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சைத்தான் சொன்னார். இவளோ அன்றிலிருந்து தொண்டையை இறுக்கிப் பிடித்துச் சின்னக் குரலாக ஆக்கிக்கொண்டு நாள் முழுக்கப் பேசியிருக்கிறாள்.

"அதாம்மா வினை. உன் சொந்தக் குரல்ல பேசியிருந்தா இப்படி ஆயிருக்காது" என்றார் டாக்டர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கோபப்பட்டால் குரல் வந்துவிடுமா?

அந்த மாதம் வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வரும் முறை. தெருவே கூடிச் செபமாலை சொல்லிவிட்டுப் போனது. எல்லோரும் போன பிறகு நான் முழந்தாளிட்டேன். தங்கம் வெள்ளி நேர்ந்துகொள்ள என்னிடம் என்ன இருக்கிறது? அபிராமபுரத் தெருக்களில் நான் "வஞ்சிரம், சங்கரா" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாம் மாடியில் கதவு திறக்கும். என் சொத்து அதுதான். "தாயே, அவள் வாய் திறக்கிற வரைக்கும் நானும் கூவி மீன் விற்க மாட்டேன். உன் மகனிடம் அவளுக்காகப் பேசு" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு லூர்து பிடித்துக்கொண்டாள். "இன்னா யக்கா, மருமவ வாய மூடணும்னு எந்தக் கோயில்ல வேண்டிக்கின? எனக்கும் சொல்லு. எங்கூட்லயும் ஒண்ணு கீது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சத்தமில்லாமல் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்ததும் அது முள்ளாகக் குத்தியது.

கூவாமல் மீன் விற்பது லேசில்லை. கேட் கேட்டாக நின்று பார்த்தேன். யாருக்குத் தெரியும் நான் வந்தது? கூடை பாதி அப்படியே திரும்பியது. வாடிக்கையாக வாங்குகிற ஒரு பெரியவர் எதிரே வந்தார். "என்னம்மா, தொண்டை கட்டிடுச்சா?" என்றார். நான் மேலே கையைக் காட்டினேன். "ஓ, வேண்டுதலா? அப்போ பேரமும் பேச மாட்டே. தினமும் வா" என்று சொல்லிவிட்டு இரண்டு சங்கராவை எடுத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போவதை நிறுத்தவில்லை. "வாயே தொறக்காம அங்க போயி இன்னாமா பண்ற?" என்று கேட்டேன். சாக்பீஸால் எழுதுகிற மாதிரி கையை அசைத்தாள். ஆனால் ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்தாள். இப்படியே தள்ள முடியாது, இந்த வருடத்தை விட்டுவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம், வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொல் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். போனில் எழுதிக் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் காற்றில் புடவை மடித்தாள். திரும்ப அந்தக் கடைக்கே போய்விடுகிறேன் என்று அர்த்தம். அன்றுதான் என் நம்பிக்கை அறுந்தது. செபமாலையைக் கையில் எடுத்தும் வார்த்தை ஓடவில்லை.

மகன் கடலுக்குப் போயிருந்தான். நான்தான் கிளம்பினேன். வெளுத்த புடவை கட்டிக்கொண்டு பஸ் பிடித்துக் கோபாலபுரம் போனேன். மனுஷர் காலில் நான் விழுந்ததில்லை. அன்று விழவும் துணிந்துதான் போனேன். ஒன்பதாம் வகுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஸ்டெல்லாவுக்கு வழி சொல்லும் டீச்சர் வெளியே வந்து, "காலேஜ் மேடம் வந்து உள்ள உக்காந்துட்டாங்கம்மா. இன்னிக்கு வருவாங்கன்னு எங்களுக்கே தெரியாது" என்றார். கண்ணை மூடிச் செபமாலை மணியை உருட்ட ஆரம்பித்தேன்.

உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டெல்லா பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றாள். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"மிஸ், மைனஸ் அந்தப் பக்கம் போனா ப்ளஸ் ஆயிடும் மிஸ்."

"அது இன்னா தானா தாண்டிப் போவுமாடி? ரெண்டு பக்கமும் கூட்டுறோம், அதான்."

ஸ்டெல்லா சாக்பீஸை அந்த இரண்டாவது பிள்ளையிடம் நீட்டினாள். அது வந்து எழுதியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "எனக்குப் புரியல, இன்னொரு தபா சொல்லு" என்றாள். இது மறுபடி சொன்னது. இன்னொருத்தி குறுக்கே புகுந்து வேறு விதமாகச் சொன்னாள். ஸ்டெல்லா ஓரமாக நின்று தலையாட்டுவாள், இல்லையென்றால் புருவத்தைத் தூக்குவாள். அவ்வளவுதான். எனக்குக் கணக்கு தெரியாது. ஆனால் ஒரு பிள்ளையின் கண்கூட அவளை விட்டு நகரவில்லை, அது தெரிந்தது.

மணி அடித்தது. பேராசிரியை வெளியே வந்து அந்த டீச்சரிடம் பேசினார். "டீச்சர் பேசற கிளாஸ் தினம்தான் பாக்கறேன். பிள்ளைங்க இவ்ளோ பேசற கிளாஸ் பாத்து நாளாச்சு. இந்த நாளெல்லாம் கணக்குல இருக்கட்டும். குரல் வந்ததும் நான் இன்னொரு தடவை வந்து பாக்கறேன். வருஷத்தை விட வேணாம்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"மாமியாருங்க."

"ஏதாவது சொல்லணுமாம்மா?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பாக்கலாம்னு வந்தேன்."

அவர் போன பிறகு அந்த டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். மீன் மார்க்கெட் பேச்சைக் கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்தேன். நான் கெஞ்சப் போன காரியம், நான் வாயைத் திறக்கும் முன்பே முடிந்திருந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்த வாரத்தில் ஒரு காலை, "அத்தை, சோறு பொங்குது" என்று அடுப்படியில் கரகரத்த ஒரு குரல் கேட்டது. நான் அடுப்பை அணைக்காமல் அங்கேயே முழந்தாளிட்டேன். சோறு பொங்கி வழிந்தது, வழியட்டும். அன்று அபிராமபுரத்தில் நான் போட்ட கூவலுக்கு அந்தப் பெரியவர் பால்கனிக்கு வந்து, "முடிஞ்சுதா வேண்டுதல்? இனிமே பேரம்தானா?" என்றார்.

பேராசிரியை சொன்னபடி மறுபடி வந்தார். ஸ்டெல்லா தன் சொந்தக் குரலில் வகுப்பு எடுத்தாள். இப்போது படிப்பை முடித்து கே.கே. நகரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். குரலில் ஒரு கரகரப்பு மட்டும் தங்கிவிட்டது. வகுப்பில் பாதி நேரம் இன்னும் பிள்ளைகள்தான் பேசுகிறார்களாம். என் வீட்டிலும் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நான் பேசி முடித்தால் பேச்சு முடிந்தது. இப்போது மருமகள் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

யோசித்துப் பார்க்கிறேன். நான் கேட்டது குரல். அது கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஆண்டவர் முகம் தெரியாத பிள்ளைகளின் வாயைத் திறந்து, இவள் விழாமல் தாங்கினார். நானோ, ஒன்றும் நடக்கவில்லையே என்று செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக் கிடந்தேன். அவர் அப்போதே வேலையைத் தொடங்கியிருந்தார்.

அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று நின்றுபோயிருக்கும். படிப்போ, வேலையோ, உடம்போ. கூச்சப்படாமல் மாதாவிடம் சொல்லுங்கள், அவள் தன் மகனிடம் எடுத்துச் சொல்வாள். பதில் இந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.