மகளின் வரைபடத்தில் நான் இணைத்த கோடு

குழந்தைகளே, நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஒரு காலையில் மகளின் கிராஃப் தாளைப் பார்த்தேன். கோணக் கணக்கில் வரும் காஸைத் (cos) தலைகீழாக்கினால், அதாவது ஒன்றை அதால் வகுத்தால், வரும் சீகண்ட் வளைவை வலப்பக்கம் நகர்த்தித் துண்டு துண்டாக வரைந்திருந்தாள். சோம்பலில் விட்டுவிட்டாள் என்று நினைத்துத் துண்டுகளைப் பேனாவால் இணைத்துவிட்டேன்.

பார்த்ததும் கத்தினாள். "ஏனுங்கப்பா, யாரு உங்களைத் தொடச் சொன்னது? இன்னைக்கு இதுக்கு மார்க்குங்க!"

"பாதியில நிறுத்துனா எவன் மார்க் போடுவான்?"

"நீங்க இணைச்ச எடத்துல காஸ் பூஜ்யம். ஒண்ணைப் பூஜ்யத்தால வகுக்க முடியுமா? அந்த எடத்துல வளைவே கெடையாது. தெரியாட்டிச் சும்மா இருங்க!"

"சோறு போடறவனுக்கு இதுதான் மரியாதையா?" என்றேன்.

நானும் கூடப் போனேன். கோபாலபுரம் பஸ் நிறுத்தத்தில் புதுத் தாளை மடியில் வைத்து மறுபடி வரைந்தாள். தாள் காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தைப் பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். பஸ் வந்தபோது இன்னும் ஒரு துண்டு பாக்கி. என்னைப் பார்க்காமலே ஏறினாள்.

உங்கள் அப்பா பாடம் தெரியாமல் திருத்த வந்தால், தாளை முதலிலேயே பிடுங்கிக்கொள்ளுங்கள்.