எடை பார்க்கிற நாள்

எங்கள் அங்கன்வாடி மையத்தில் எடை பார்க்கிற நாள் என்றால் காது கிழிந்துவிடும். தொங்கு தராசின் தொட்டிலில் உட்கார வைத்ததுமே பிள்ளைகள் ஊரைக் கூட்டிவிடும். எடை பார்த்துப் பதிந்தால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் அரசாங்கத்தின் சத்து மாவு. பொட்டலம் எடுத்துக் கொடுப்பது நான். தராசு என்னோடு வேலை பார்ப்பவளின் பொறுப்பு. அதனால் தராசம்மா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

வாய் ஓயாதவள். இளைத்த பிள்ளையைக் கண்டால் தாயை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். "மாவை நீ தின்னுட்டுப் பிள்ளைக்குப் பையைக் காட்டினியா?" என்பாள். அதற்காக யாரும் அவளிடம் கோபித்துக்கொண்டதில்லை.

அவளுடைய மகள் மட்டும் அவளிடம் இல்லை. புருஷன் விட்டுப் போன சமயத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. தங்க இடமில்லை. தவழக்கூடத் தொடங்காத குழந்தையை, அரை நாள் பஸ் பயணத்தில் இருக்கும் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். மகளோடு போனில் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்கச் சொல்வாள். அந்தப் பக்கம் வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். "எப்படிப் பேசுறா பாரு!" என்று பூரித்துப்போவாள்.

போன மாதம் மையத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. தானே சுண்ணாம்பு அடித்தாள். "இனிமே அவ என்கூடத்தான். சாயங்காலம் வீட்டுக்குள்ள போனா என் காலைக் கட்டிக்க ஒருத்தி இருப்பா" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னாள். அந்தக் குழந்தை எப்போது வரும் என்று நானே ஏங்கிப்போனேன்.

அக்கா குழந்தையைக் கொண்டுவந்தது ஓர் எடை நாளில். பஸ் இறங்கி நேராக மையத்துக்கே வந்துவிட்டாள். தராசம்மா ஓடிப்போய்க் கை நீட்டினாள். குழந்தை பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"தூக்கக் கலக்கம்டி" என்றாள் அக்கா.

"ஆமா, தூக்கக் கலக்கம்" என்று இவளும் சொன்னாள். தன் பிள்ளையை முன்னால் விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு, தராசுக்குத் திரும்பினாள்.

முறை வந்தது. தொட்டிலில் உட்கார்ந்ததும் குழந்தை வீறிட்டது. தராசம்மா எடையைப் பார்த்தாள், குழந்தையைத் தூக்கினாள். நாள் முழுக்க எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்ன அதே குரலில், "முடிஞ்சுது கண்ணு, முடிஞ்சுது. அம்மாகிட்ட போ" என்று அக்காவிடம் நீட்டினாள்.

குழந்தை "அம்மா" என்று தாவி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அழுகையும் நின்றது.

சொன்னது என்னவென்று பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. "பழக்கத்துல சொல்லிட்டே, விடுடி" என்றாள் அக்கா. நான் காரணமே இல்லாமல் வரிசையில் நின்றவர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் அக்கா தனியாகத் திரும்புவதாகத்தான் பேச்சு. அவள் செருப்பை மாட்டியதும் குழந்தை மூச்சடைக்க அழுதது. தராசம்மா மடியில் போட்டு ஆட்டினாள், பாடினாள், கெஞ்சினாள். குழந்தை அவளைத் தள்ளித் தள்ளி வாசலையே பார்த்தது.

"ரெண்டு நாள் அழும், அப்புறம் சரியாயிடும்" என்றேன்.

"உன் பிள்ளைடி, நீதான் வச்சுக்கணும்" என்றாள் அக்கா. அவள் குரலும் சரியில்லை.

தராசம்மா எழுந்து குழந்தையை அக்காவின் இடுப்பில் வைத்தாள். "எனக்கு இவ வேணும்க்கா. உயிரே போற மாதிரி இருக்கு. ஆனா இவளுக்கு இப்ப நீதான் வேணும். கூட்டிட்டுப் போ."

பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக மாவுப் பொட்டலத்தைக் கொடுத்தாள். குழந்தை அக்காவின் மடியில் தூங்கிவிட்டிருந்தது.

"வெதுவெதுப்பான தண்ணில கரைக்கணும். கட்டி இருக்கக் கூடாது. அவசரப்படுத்தாம கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும்."

"எனக்குத் தெரியாதாடி? இத்தனை நாளா நான்தானே ஊட்டுறேன்."

"தெரியும்க்கா. இருந்தாலும் கேட்டுக்கோயேன். பெத்தவளா இருந்து இதையாவது சொல்லிக்கிறேனே."