டோக்கியோ டவர் கடலை

போன ஞாயிற்றுக்கிழமை கறம்பக்குடியில் ஒரு கூட்டம். நான் தலைமை. கழுத்தில் மாலை... உள்ளுக்குள் உதறல்!

ஏன் என்கிறீர்களா?

நாலு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் 'டோக்கியோவில் நான்' என்று எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? டோக்கியோ டவர், அரண்மனை அகழி, கோயில் வாசலில் தொங்கும் பிரம்மாண்டமான சிவப்பு விளக்கு — எல்லாம் பார்த்ததாக. அத்தனையும் புளுகு! கீரனூரிலிருந்து நான் போன அதிகபட்ச தூரம் மதராஸ். திருச்சி நண்பர் ஒருவரின் மேஜையில் கிடந்த விமானக் கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டி எழுதியது அது.

அதோடு நிறுத்தினேனா? டவருக்குக் கீழே ஒரு கிழவர் சுடச்சுட நிலக்கடலை பொட்டலம் போட்டு விற்றார் என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டேன்.

அதைப் படித்தவர்களில் ஒருவர் கறம்பக்குடி விவசாயி சின்னையா. ஜப்பான் முறை நெல் சாகுபடியை நேரில் பார்த்துவர சர்க்கார் அனுப்பிய கோஷ்டியில் அவரும் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார் — கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.

"ஊர் சுத்திப் பாக்க ஒரு நாள் குடுத்திருக்காங்க. ஐயா எழுதுனபடியே பாத்துட்டு வாரேன்."

"அவசியம் பார்க்கணுமா?" என்றேன் ஈனஸ்வரத்தில்.

போனார். வந்தார். அவர் பார்த்ததைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். என் மானம் அவர் நாக்கு நுனியில்!

"கோயில்ல சாம்பிராணிப் புகைய அள்ளி அள்ளித் தலையில தடவிக்கிறாங்க. நானும் தடவுனேன். வழுக்கைக்கு ஒண்ணும் நடக்கல!" என்றார். ஒரே சிரிப்பு. "அரண்மனையச் சுத்தி அம்புட்டுத் தண்ணி கெடக்கு. ஒரு மடை இல்ல, ஒரு வாய்க்கா இல்ல. வயிறு எரிஞ்சு போச்சுங்க!"

பிறகு, "டவருக்குக் கீழ..." என்று ஆரம்பித்தார். நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சின்னையா ஒரு துணிப்பையைத் தூக்கிக் காட்டினார். "ஐயா எழுதுன அதே கடலை! எல்லாரும் எடுத்துக்குங்க."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பக்கத்திலிருந்த ஹெட்மாஸ்டர் ஒரு கை அள்ளி மென்றார். "ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்! நம்ம ஊர்க் கடலைக்கு இந்த ருசி வருமா?"

கூட்டம் கலைந்ததும் சின்னையா என்னை ஓரமாக அழைத்தார். "தப்பா நெனக்காதீங்க. கடலை ஆலங்குடியில வாங்குனது. டவர மூணு சுத்து சுத்திட்டேன், அந்தக் கெழவரக் காணோம். ஐயா எழுதுனது பொய்யின்னு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல?"

"அப்போ... நான் போகவே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்களா?"

அவர் கண்கள் விரிந்தன. "நீங்க போகலையா? கெழவருக்கு அன்னைக்கு ஒடம்புக்கு முடியலன்னுல்ல நெனச்சேன்!"

வாசகர் நம்மை நம்பாவிட்டால் எப்படியாவது சமாளிக்கலாம். இப்படி நம்பித் தொலைத்தால் என்ன செய்வது? வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் எனக்கும் தாங்கவில்லை.

"சரி விடுங்க. அடுத்த தடவ ரெண்டு பேருமாப் போவோம். கடலைய இங்கிட்டிருந்தே கொண்டுபோயிருவோம்" என்றார்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன் — சத்தியமாக, இது நிஜம்!