மாடு நக்கிய சீர்வரிசை

என் கையெழுத்து நாலு நாள் கழித்துப் பார்த்தால் எனக்கே விளங்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ர எங்கே வரும், எந்த ல எங்கே வரும் என்பது இன்னும் பிடிபடவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் திருத்தித் தருகிறேன் என்று சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். அதையும் மீறித் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. அறுவடை மெஷின் ஓட்டுகிறவன் என்பதால் பிழைத்தேன். அந்தச் சத்தத்தில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

போன மாதம் மகள் தஞ்சாவூரிலிருந்து ஒரு சின்ன டப்பா பெயிண்ட் வாங்கி வந்தாள். சாக்பீஸ் மாவு கலந்த பெயிண்டாம். காலியான பால்பவுடர் டின்களுக்கு அதை அடித்துச் செடி வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"இதெல்லாம் இப்ப வந்ததுப்பா, உங்களுக்குத் தெரியாது."

"எங்க வீட்டுல ஒரு கல்யாணமே இந்தப் பெயிண்ட்லதான் நடந்துச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. அதனால்தான் இந்த வேலை.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். என் அம்மாவின் தங்கைக்கு, அதாவது என் சித்திக்கு, திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்து எங்களுக்குக் குறுவை கைவிட்டுப் போயிருந்தது. சீருக்கு ஒரு குத்துவிளக்கும் ஒரு பித்தளைக் குடமும்தான் தேறின. அரிசி, பருப்பு, உளுந்து, மஞ்சள் எல்லாம் வைத்துக் கொடுக்கப் பாத்திரம் இல்லை. வெறும் சாக்கில் கட்டிக் கொண்டுபோனால் பெண் அந்த வீட்டில் காலம் முழுக்கத் தலை குனிந்துதான் நடக்க வேண்டும்.

அதிலும் மாப்பிள்ளைக்கு ஓர் அக்கா இருந்தாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சீர்ப் பாத்திரங்களை மோதிர விரலால் தட்டிப் பார்த்து, இது கனம், இது தகரம் என்று சபையிலேயே சொல்லிவிடுவாள் என்று பேச்சு. அந்தப் பேச்சு எங்கள் ஊர் வரைக்கும் வந்திருந்தது. சித்திக்கு மாப்பிள்ளை முகம்கூட நினைவில்லை. அந்த மோதிரத்தை நினைத்துத்தான் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கும்பகோணத்தில் கல்யாணச் சமையல்காரர்களோடு வேலை பார்த்தார். அவர் பஸ்ஸின் கூரையில் போட்டுக் காலி எண்ணெய் டின்களைக் கொண்டுவந்து இறக்கினார். பெரிதும் சிறிதுமாக இருந்தன. எல்லாவற்றிலும் பச்சையாக ஒரு பனைமரப் படம். மூடி மட்டும் கச்சிதமாக வெட்டிப் பொருத்தியிருந்தார்.

"இதையா சீர்ல வைக்கிறது?" என்று கேட்டாள் அம்மா.

"பெயிண்ட் அடிச்சா யாருக்குக்கா தெரியும்? கழுத்து வரைக்கும் அரிசியக் கொட்டிட்டா அந்தம்மா தட்டுனாலும் சத்தம் வராது."

பெயிண்டுக்கு எங்கே போவது? அதற்கு நான் வழி வைத்திருந்தேன். மழைக்குப் பள்ளிக்கூடக் கூரை ஒழுகி, சாக்பீஸ் பெட்டிகள் நனைந்து கூழாகியிருந்தன. குப்பையில் போடச் சொல்லி வாத்தியார் என்னிடம்தான் கொடுத்தார். எதற்காவது ஆகும் என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்து காய வைத்திருந்தேன். அம்மா அதை அம்மியில் அரைத்தாள். துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம், வாசலுக்குப் போடும் காவி கொஞ்சம். இதெல்லாம் டின்னில் ஒட்டி நிற்கப் பசை வேண்டுமே. எங்கள் பக்கத்தில் காகிதம் ஒட்டினாலும் புடவைக்கு விறைப்பு வேண்டுமானாலும் சோற்றுக் கஞ்சிதான். கெட்டியான கஞ்சியில் கரைத்து, சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்த டின்களுக்கு இரண்டு கை பூசினோம். பனைமரங்கள் மறைந்துபோயின. வைக்கோல்போர் ஓரம் வரிசையாகக் காய வைத்துவிட்டுப் படுத்தோம்.

விடிந்து பார்த்தால் டின்கள் பளபளவென்று இருந்தன. எல்லாப் பனைமரமும் திரும்ப முளைத்திருந்தது. பக்கத்தில் எங்கள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு நின்றது. அதன் தாடை நீலமாக இருந்தது.

கஞ்சி என்றால் மாடு விடாது என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் அது அன்றைக்கு மறந்துபோயிருந்தது.

"விருந்து எப்படிடி இருந்துச்சு? உப்பு, காரம் பத்துச்சா?" என்று மாமா மாட்டிடம் விசாரித்தார். யாரும் சிரிக்கவில்லை. சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனவள் வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினாள். தண்ணீர் எடுக்க அத்தனை நேரம் ஆகாது. கல்யாணத்துக்கு நாளும் இல்லை. பாதிச் சாக்பீஸ் மாவுதான் மிச்சம்.

அடுத்துச் செய்ததை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்கு அம்மா பால்குடியை நிறுத்திக்கொண்டிருந்தாள். அதற்கு வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொள்வாள். தங்கை ஒரு தடவை வாய் வைத்துவிட்டு, அழுது ஊரைக் கூட்டுவாள். அதை நான் பார்த்திருந்தேன். மாமா முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. களத்து ஓரம் போய் ஒரு கொப்பு வேப்பிலையை ஒடித்து வந்து, அம்மி மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அம்மா வேப்பிலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த தங்கையைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

வேப்பிலையை மைபோல அரைத்து, அதன் சாற்றில் கஞ்சியும் சாக்பீஸ் மாவும் நீலமும் கலந்தோம். கலவை ஒரு மாதிரி பச்சையும் நீலமுமாக, நாற்று பிடித்த வயலில் வானம் தெரிகிற நிறத்துக்கு வந்தது. அது யாரும் நினைத்துச் செய்த நிறமில்லை. மாமா ஒரு டின்னைக் காய வைத்து, பசுவின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். பசு ஆசையாக நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது. மேல் உதட்டைச் சுருட்டியது. தும்மிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நல்லவேளை, நம்ம வீட்டுல ஆடு இல்ல" என்றார் மாமா. "இருந்திருந்தா டின்னையே தின்னுருக்கும்."

இந்தத் தடவை சித்தியும் சிரித்துவிட்டாள். உட்கார்ந்து, துணித் திரியை வெள்ளைச் சாக்பீஸ் குழம்பில் தோய்த்து, ஒவ்வொரு டின்னிலும் கோலம் இழுத்தாள். வளைந்த பக்கத்தில் கோடு பிசகாமல் இழுப்பது லேசில்லை. அவள் கை ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

கல்யாணத்தன்று டிராக்டரில் டின்களை ஏற்றிக்கொண்டு போனோம். மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் இறக்கி, மேளத்தோடு வரிசையாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். சீரில் மஞ்சள்தான் முதலில் வீட்டுக்குள் போக வேண்டும். மஞ்சள் கிழங்கு வைத்த சின்ன டின் என் கையில். மற்ற டின்களில் எல்லாம் கழுத்து வரை கொட்டி அமுக்கியிருந்தது. என் டின்னில் மட்டும் கிழங்குகள் கடகடவென்று உருண்டன. சித்திரை வெயில். டின்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன்.

வாசலில் அந்த அக்கா நின்றிருந்தாள். கையில் மோதிரம். மேளம் நின்றது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்த விரலையே பார்த்தார்கள்.

என்னைத் தாண்டிப் போய், முதலில் பெரிய அரிசி டின்னைத் தட்டினாள். சத்தமே இல்லை. உளுந்தைத் தட்டினாள், பருப்பைத் தட்டினாள். பிறகு திரும்பி என்னிடம் வந்து, என் கையில் இருந்ததைத் தட்டினாள். டின் என்ன சத்தம் போடுமோ அந்தச் சத்தத்தைப் போட்டது.

குனிந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள். நான் அணைத்துப் பிடித்திருந்த பின்பக்கத்தில் வேர்வை பட்டுப் பெயிண்ட் கரைந்து, பனைமரத்தின் தலை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் அது படவில்லை என்றே அன்றைக்கு நினைத்தேன். அவள் அதைக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தாள். கோலம் எங்களைப் பார்த்தது. பனைமரம் சுவரைப் பார்த்தது.

"எல்லாம் நல்ல கனம்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "இந்தக் கோலம் யாரு போட்டது?"

"பொண்ணுதாங்க" என்றாள் அம்மா.

"அப்ப எங்க வாசலப் பத்திக் கவலை இல்ல."

மேளம் திரும்பத் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் டின்களைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். இந்தப் பச்சை எந்தக் கடையிலும் பார்த்ததில்லையே, எங்கே வாங்கினீர்கள் என்று மாமாவைக் கேட்டார்கள். மாமா முகத்தை மாற்றாமல், கும்பகோணத்தில் சொல்லிவைத்துச் செய்தது, சாமானியத்தில் கிடைக்காது என்றார். சித்தி தலை நிமிர்ந்து உள்ளே போனாள். எனக்குக் காலே தரையில் இல்லை. அந்த மோதிரத்தையே ஏமாற்றிவிட்டோம், அதுவும் என் வேப்பிலையால்.

பந்திக்கு ஓடப்போன என்னை அந்த அக்கா நிறுத்தினாள். என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, சத்தம் குறைத்து, "கொல்லைப்பக்கம் போய்க் கையக் கழுவிட்டு வா தம்பி. இப்பவே போ" என்றாள். சாப்பிடும் முன் கை கழுவக்கூடச் சொல்லித்தர வேண்டுமா, பெரிய சுத்தக்காரிதான் என்று எரிச்சலாக இருந்தது. கழுவிவிட்டு வந்து, பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

சீரில் வைத்த டின்னால் அந்த வீட்டையே ஏமாற்றிய கதையை எங்கள் வீட்டில் வெகு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதில் இந்தக் கை கழுவியதை நான் ஒருநாளும் சேர்த்துச் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் மகள் பெயிண்ட் அடித்து முடித்ததும், அழகாக இருக்கிறதே என்று ஒரு டின்னைக் கையில் எடுத்தேன்.

"ஐயோ, தொடாதீங்கப்பா. இன்னும் மெழுகு பூசல. கையில ஒட்டும்" என்றாள்.

டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் நிறமேறிக் கிடந்தன. அந்த அக்கா என்னை அவசரமாக அனுப்பிய மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில், என் கையிலிருந்து வாழை மரத்தடிக்குப் பச்சையும் நீலமுமாக ஓடிய தண்ணீர் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"என்னப்பா, கையையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மகள்.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.

எழுதி முடித்தது: பங்குனி மாதம், உளுந்து பிடுங்கிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.